போல்ட் கண்டென்ஸ்ட் இட்டாலிக் எழுத்தை ஹெட்லைனுக்கும் லோகோவுக்கும் ஒழுங்கா பயன்படுத்துறது எப்படி? முழுமையான வழிகாட்டி

ரோட்டுல போறப்ப கொஞ்சம் கவனிச்சு பாருங்க. கபடி டோர்னமென்ட் ஃப்ளெக்ஸ், ஜிம் போர்டு, கூரியர் வண்டியோட பக்கவாட்டு, டிவில பிரேக்கிங் நியூஸ் பட்டை, ஷூ கடை ஆஃபர் போஸ்டர்னு எங்க பாத்தாலும் ஒரே ஜாதி எழுத்துதான் இருக்கும். தடியா இருக்கும், ஒடுக்கமா இருக்கும், வலது பக்கம் சாய்ஞ்சிருக்கும், முனைல செரிஃப்னு சொல்ற அந்த குட்டி கால் இருக்காது. இதைத்தான் போல்ட் கண்டென்ஸ்ட் இட்டாலிக் சான்ஸ் செரிஃப்னு சொல்றோம். பாத்தா ரொம்ப ஈஸியான ஸ்டைல் மாதிரி தெரியும், ஆனா நான் டிசைன் வேலைக்கு வந்ததுல இருந்து அதிகமா கெட்டுப்போய் பாத்தது இந்த ஸ்டைல்தான், ஏன்னா பாதி பேர் ஒரு நேரான ஃபாண்டை எடுத்து பக்கவாட்டுல நசுக்கி, அப்புறம் இட்டாலிக்குக்கான ஐ (I) பட்டனை அமுக்கி சாய்ச்சு, வேலை முடிஞ்சதுன்னு அனுப்பிடறாங்க.

நசுக்கினா கண்டென்ஸ்ட் ஆகாது, சாய்ச்சா இட்டாலிக் ஆகாது. ஏன் ஆகாது, அப்ப என்ன பண்ணணும்னு ஒண்ணொண்ணா பாப்போம். உதாரணத்துக்கு பார்லோ கண்டென்ஸ்ட் போல்ட் இட்டாலிக்கை எடுத்துக்கறேன். ஜெரமி ட்ரிபின்னு ஒரு டிசைனர் பண்ணது, கலிஃபோர்னியாவோட நம்பர் பிளேட், ஹைவே போர்டு, பஸ், ரயில் எழுத்துக்களோட சாயல்ல வரைஞ்சது, கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசமா கிடைக்குது. 3 அகலம், 9 தடிமன், ஒவ்வொண்ணுக்கும் நேர் எழுத்து, சாய்வெழுத்துன்னு மொத்தம் 54 ஸ்டைல். நீங்க வேற ஃபாண்ட் வச்சிருந்தாலும் கீழ சொல்றது எல்லாம் பொருந்தும்.

முதல்ல: இந்த வேலைக்கு இது தேவையா

ஒடுக்கமான எழுத்தோட லாபம் உயரம்தான். ஒரு ஃபாண்ட் சாதாரண அகலத்துல 75 சதவீதம்னா, அதே பேனர் அகலத்துக்குள்ள எழுத்தை மூணுல ஒரு பங்கு கூடுதல் உயரமா வைக்கலாம். 20 அடி பேனர்ல 9 இன்ச் வந்த எழுத்து 12 இன்ச் வரும், தூரத்துல இருந்து பாக்கிறவனுக்கு இது பெரிய வித்தியாசம். சாய்வு ஒரு வேகத்தை குடுக்கும், கண்ணு தானா இடமிருந்து வலமா ஓடும். தடிமன் சத்தத்தை குடுக்கும்.

அதனால விளையாட்டு, வண்டி, டெலிவரி, செய்தி, தள்ளுபடி இந்த மாதிரி விஷயத்துக்கு அப்படியே ஒட்டும். ஏழெட்டு வார்த்தை வரைக்கும்தான். ஒரு முழு பாராவை இதுல போட்டா ரெண்டாவது வரியிலேயே கண்ணு களைச்சிடும். ஆஸ்பத்திரி, ஸ்கூல், நகைக்கடை, கல்யாண பத்திரிகைக்கு இதை கேட்டு யாராவது வந்தா நான் மறுத்து பேசிதான் பாப்பேன், அமைதியும் நம்பிக்கையும் தெரியவேண்டிய இடத்துல இது பரபரப்பை கொண்டு வந்து நிறுத்திடும்.

ஃபாண்ட் தேர்வு: சாய்வு உண்மையா இருக்கான்னு பாருங்க

இதுல தப்பு பண்ணா மேற்கொண்டு எது பண்ணாலும் சரியா வராது.

ஆன்டன், பெபாஸ் நியூ, ஆஸ்வால்ட் மூணும் ரொம்ப பிரபலமான ஒடுக்க ஃபாண்ட், மூணும் நல்லா இருக்கும், ஆனா மூணுக்குமே கூகுள் ஃபாண்ட்ஸ்ல இட்டாலிக் கிடையாது. 1965ல ஜெஃப்ரி லீ பண்ண இம்பேக்ட், நம்ம எல்லார் விண்டோஸ் மெஷின்லயும் இருக்கே, அதுக்கும் கிடையாது. இதுல நீங்க ஐ பட்டனை அமுக்கினா சாய்வு வரத்தான் செய்யும், ஆனா அது ஃபாண்ட் குடுத்த சாய்வு இல்ல, சாஃப்ட்வேரே கணக்கு போட்டு தள்ளி விட்டது. இல்லஸ்ட்ரேட்டர்ல அந்த பட்டனே இல்லாததால பலபேர் ஷியர்னு சொல்ற, வடிவத்தை பக்கவாட்டுல தள்ளி சாய்க்கிற டூலை வச்சு அதே வேலையை கையால பண்றாங்க.

நிஜமாவே இட்டாலிக் வரைஞ்சு வச்சிருக்கிற ஒடுக்க ஃபாண்ட் இலவசத்துலயே நிறைய இருக்கு. பார்லோ கண்டென்ஸ்ட், ரோபோட்டோ கண்டென்ஸ்ட், ஃபிரா சான்ஸ் எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்ட், ஐபிஎம் பிளெக்ஸ் சான்ஸ் கண்டென்ஸ்ட், சோஃபியா சான்ஸ் எக்ஸ்ட்ரா கண்டென்ஸ்ட், அகலத்தையே ஸ்லைடர்ல மாத்தற மாதிரி ஆர்க்கிவோ. காசு குடுத்து வாங்கறதுன்னா யுனிவர்ஸ் குடும்பம் பாருங்க, 1957ல அட்ரியன் ஃப்ரூட்டிகர் பண்ணது. அவர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் பேர் வைக்காம நம்பர் வச்சார். முதல் இலக்கம் தடிமன், ரெண்டாவது அகலமும் சாய்வும். 67னா போல்ட் கண்டென்ஸ்ட், 68னா அதோட சாய்வு. ஆரம்பத்துல வந்த 21 ஸ்டைல்லயே இந்த 68 இருந்துச்சு. அதாவது சாய்ஞ்ச ஒடுக்கத் தடி எழுத்தை அப்பவே தனி ஒரு எழுத்தா மதிச்சு வரைஞ்சிருக்காங்க.

டவுன்லோட் பண்ண ஃபோல்டரை தொறந்து பாருங்க, போல்ட் இட்டாலிக்னு தனி ஃபைல் இருக்கணும், வேரியபிள் ஃபாண்ட்னா (தடிமன், அகலத்தை ஒரே ஃபைல்ல ஸ்லைடரால மாத்தறது) இட்டாலிக்குக்கு தனி ஃபைலோ உள்ள சாய்வு ஆக்சிஸோ இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா அந்த ஃபாண்டுக்கு சாய்வு இல்லைன்னு அர்த்தம், வேற ஃபாண்டுக்கு போயிடுங்க.

இட்டாலிக், ஆப்ளிக்னு ரெண்டு பேர் ஏன்னு சிலர் கேப்பாங்க. 1501 வாக்குல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸோட அச்சகத்துக்கு ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டின இட்டாலிக், கையெழுத்தை பாத்து பண்ணது, எழுத்தோட வடிவமே வேற. சான்ஸ் செரிஃப்ல பெரும்பாலும் நேர் எழுத்தோட வடிவத்தையே சாய்ச்சு திருத்தறாங்க, அதுக்கு ஆப்ளிக்னு பேர். ஹெட்லைனுக்கு எதுவா இருந்தாலும் பரவால்ல, திருத்தம் நடந்திருக்கான்னுதான் பாக்கணும்.

திருத்தம்னா என்ன: ஆங்கில ஓவையும் (O) ஏவையும் (A) பக்கத்துல வச்சு பாப்போம்

ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கங்க. கட்டோட பக்கவாட்டுல ஸ்கெட்ச்ல ஒரு ஓ வரைஞ்சு, மேல் சீட்டை வலது பக்கமா தள்ளுங்க. கட்டு சாயும், ஓவும் சாயும். சாஃப்ட்வேர் பண்றது அச்சு அசல் இதேதான். ஒவ்வொரு சீட்டும் படுக்கை வாட்டுல நகருது, அவ்வளவுதான், எதுவும் யோசிச்சு நகரல.

இப்ப அந்த ஓவை உத்துப் பாருங்க. வலது மேல் மூலைலயும் இடது கீழ் மூலைலயும் கோடு தடிச்சு வளைவு கூர்மையா ஆகியிருக்கும். எதிர் பக்கம், அதாவது இடது மேலயும் வலது கீழயும், கோடு மெலிஞ்சு சப்பையா இழுத்த மாதிரி இருக்கும். மெல்லிசான ஃபாண்ட்ல இது கண்ணுக்கு தெரியாது. போல்ட்ல உடனே தெரியும், ஏன்னா தடிக்க அங்க நிறைய சதை இருக்கு.

ஏ எழுத்துல நம்பராவே காட்டறேன். ஃபாண்ட் வரையற ஆயிரம் யூனிட் கட்டத்துல 700 உயரம், கால் ரெண்டுக்கும் நடுவுல 400 அகலம், ஒவ்வொரு காலும் படுக்கை வாட்டுல அளந்தா 150 யூனிட்னு வச்சுப்போம். நேரா இருக்கறப்ப ரெண்டு காலும் செங்குத்துல இருந்து 16 டிகிரி சாய்ஞ்சு, நிஜ தடிமன் ரெண்டுக்கும் 144. இதை 12 டிகிரி தள்ளினா இடது கால் 26 டிகிரிக்கு மேல படுத்துடும், தடிமன் 134க்கு இறங்கும். வலது கால் கிட்டத்தட்ட நிமிந்து 4 டிகிரிக்கு வந்துடும், தடிமன் 150 ஆயிடும். ஒரே எழுத்துக்குள்ள ஒரு கால் ஒல்லி, ஒரு கால் தடி. பாக்கிறவனுக்கு காரணம் தெரியாது, ஆனா ஏதோ ஒண்ணு சரியில்லன்னு தோணும். எச், ஐ மாதிரி நேர்கோடு எழுத்துல 150 ஆனது 147 ஆகும், அது பெரிய பிரச்சனை இல்ல. அப்ப வரிசையா படிக்கறப்ப ஏ, வி, டபிள்யூ, எஸ், ஓ மட்டும் திட்டு திட்டா நிக்கும்.

நல்ல டிசைனர் இதையெல்லாம் உக்காந்து திருத்துவாங்க. ஓவுக்கு ஒரு பழைய வழி, முழு சாய்வையும் தள்ளாம, கொஞ்சம் சுத்தி மீதியை தள்றது. 12 டிகிரி வேணும்னா 5 டிகிரி கடிகார திசைல சுத்திட்டு பாக்கி 7 டிகிரியை சாய்ச்சு, அப்புறம் மேல கீழ உச்சிப்புள்ளிகளை சரி பண்றது. கிளிஃப்ஸ்ங்கிற ஃபாண்ட் வரையற சாஃப்ட்வேர்ல கர்சிவின்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சாய்க்கறப்பவே தடிமனை காப்பாத்த பாக்கும், ஆனா அதுக்கப்புறமும் கண்ணால பாத்து கையால தொட்டாத்தான் முழுசாகும்.

உங்க ஃபாண்ட்ல இது நடந்திருக்கான்னு கண்டுபிடிக்க, ஃபாண்டோட நேர் போல்ட்ல ஓ, ஏ, எஸ் மூணையும் டைப் பண்ணி அவுட்லைன் ஆக்கி (அதாவது எழுத்தை வெறும் வடிவமா மாத்தி) 12 டிகிரி ஷியர் குடுங்க. அதுக்கு மேல அதே ஃபாண்டோட இட்டாலிக் ஓ, ஏ, எஸ்ஸை வேற கலர்ல வைங்க. கோணம் அந்த ஃபாண்டுக்கு தகுந்த மாதிரி முன்னபின்ன இருக்கும், ஃபாண்ட்ஃபோர்ஜ்ங்கிற ஃபாண்ட் எடிட்டர்ல தொறந்து ஃபாண்ட் இன்ஃபோ போனா இட்டாலிக் ஆங்கிள்னு எழுதியிருக்கும், அந்த நம்பரையே குடுங்க. ரெண்டும் அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு பொருந்திடுச்சுன்னா யாரும் திருத்தல. விலகி நின்னா திருத்தியிருக்காங்க. காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி ட்ரையல் ஃபைல்ல இதை பாத்துட்டு வாங்குங்க.

நசுக்கறதுக்கும் இதே கதைதான். சாதாரண போல்டை 70 சதவீத அகலத்துக்கு அமுக்கினா 140 யூனிட் இருந்த செங்குத்து கோடு 98 ஆகும், படுக்கை கோடு 110 இருந்தா 110லயே இருக்கும். படுக்கை கோடு செங்குத்தை விட தடியா ஆகி எழுத்தோட எடை தலைகீழா மாறிடும். நிஜ கண்டென்ஸ்ட்ல செங்குத்தோட தடிமனை காப்பாத்தி, உள்ள இருக்கிற வெத்திடத்தைத்தான் குறைச்சிருப்பாங்க. ஓவோட ரெண்டு பக்கமும் வட்டம் போய் நேர்கோடா நிக்கும், மாத்திரை மாதிரி.

வார்த்தையை அடுக்குறது

எல்லாம் பெரிய எழுத்தா, இல்ல சின்ன எழுத்தும் சேத்தான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. மூணு வார்த்தைக்குள்ளன்னா எல்லாம் பெரிய எழுத்து நல்லா நிக்கும். செய்தி தலைப்பு மாதிரி ஏழெட்டு வார்த்தைன்னா சின்ன எழுத்து கலந்து போடுங்க, வார்த்தையோட மேடுபள்ளம் தெரிஞ்சாத்தான் வேகமா படிக்க முடியும்.

எழுத்து இடைவெளிதான் இந்த ஸ்டைல்ல உயிர். ஒடுக்க எழுத்துல உள்ள இருக்கிற வெத்திடம் கம்மி, அதனால வெளிய இருக்கிற இடைவெளியும் கம்மியாத்தான் இருக்கணும், ரெண்டும் சமமா தெரியணும். பெரிய சைஸ் ஹெட்லைனுக்கு ட்ராக்கிங், அதாவது எல்லா எழுத்துக்கும் பொதுவா குடுக்கிற இடைவெளி, பூஜ்யம், அதிகபட்சம் மைனஸ் 10. சின்ன சைஸ்ல, உதாரணத்துக்கு விசிட்டிங் கார்டுல பெரிய எழுத்தா போட்டா ப்ளஸ் 15, 20 வைக்கலாம். ட்ராக்கிங்கை 100, 200னு இழுத்து விடறது இப்ப ஃபேஷன், போல்ட் கண்டென்ஸ்ட் இட்டாலிக்ல அது ஆகவே ஆகாது, வேகமா ஓடவேண்டிய வார்த்தை தனித்தனியா நிக்கிற கம்பமா மாறிடும்.

அப்புறம் கெர்னிங், அதாவது பக்கத்து பக்கத்து ரெண்டு எழுத்துக்கு நடுவுல உள்ள இடைவெளியை சரி பண்றது. கபடிங்கிற வார்த்தையை ஆங்கில பெரிய எழுத்துல (KABADDI) போடறோம்னு வைங்க. கே-க்கு அப்புறம் ஏ வருது. கேவோட கை மேல விரியுது, ஏவோட தலை கூம்பி கிடக்குது, ஆனா கீழ ரெண்டு காலும் இடிச்சுக்கிட்டு நிக்குது. காலை பாத்து இடைவெளி வச்சா தலைகிட்ட பெரிய ஓட்டை தெரியும், தலையை பாத்து நெருக்கினா கால் ஒட்டிக்கும். நான் கால் நடுவுல ஒரு மயிரிழை வெளிச்சம் விட்டு நெருக்கிடுவேன். அடுத்து ரெண்டு டி. ஒடுக்க ஃபாண்ட்ல டியோட வலது பக்கம் வளைவே இல்லாம நேரா இருக்கும், அதனால டிடிஐ மூணும் சேந்தா செங்குத்து கோடா வரிசைகட்டி வேலி மாதிரி ஆயிடும், அங்க கொஞ்சம் தளத்தி விடணும். கெர்னிங் பாக்கறப்ப வார்த்தையை தலைகீழா திருப்பி வச்சு பாருங்க, படிக்க தோணாது, இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும்.

வரி இடைவெளி, எல்லாம் பெரிய எழுத்துன்னா எழுத்து சைஸை விட கம்மியாவே வைக்கலாம். 100 பாயின்ட் எழுத்துல பெரிய எழுத்தோட நிஜ உயரம் சுமார் 70தான், 85 லீடிங் வச்சா நடுவுல 15 கிடைக்கும், அது போதும்.

நிறைய பேர் விட்டுடறது ஒண்ணு இருக்கு. ரெண்டு மூணு வரியை இடது பக்கம் நேரா அலைன் பண்ணா, ஒவ்வொரு எழுத்தும் சாய்ஞ்சிருக்க ஓரம் மட்டும் செங்குத்தா நிக்கும், பாக்க வரி எல்லாம் கீழ போகப்போக வலது பக்கம் சறுக்கற மாதிரி இருக்கும். சாய்வு கோட்டுலயே அடுக்கணும்னா கீழ வரியை இடது பக்கம் நகத்துங்க. எவ்வளவுன்னா, ரெண்டு பேஸ்லைனுக்கும் (எழுத்து நிக்கிற அடிக்கோடு) நடுவுல உள்ள தூரத்தை சாய்வு கோணத்தோட டேன் மதிப்பால பெருக்குங்க. 12 டிகிரிக்கு 0.2126. வரி தூரம் 90 மில்லிமீட்டர்னா 19 மில்லிமீட்டர் நகத்தணும். பின்னாடி போடற பட்டை, பெட்டி, கோடு, போட்டோவோட வெட்டு எல்லாத்துக்கும் அதே கோணத்தை குடுங்க. எழுத்து 12 டிகிரி, பட்டை 20 டிகிரின்னு இருந்தா ரெண்டும் சண்டை போடும், இதை சரி பண்ணாலே சுமாரான டிசைன் ஒண்ணு சட்டுனு நிமிந்துடும்.

நம்பர், ரூபாய் குறி

ஜெர்சி, ஸ்கோர் போர்டு, ஆஃபர் போஸ்டர் எல்லாத்துலயும் நம்பர்தான் ஹீரோ. 3, 6, 8, 9 நாலையும் 100 அடி தள்ளி நின்னு பாத்தா பிரிச்சு தெரியணும். போல்ட் கண்டென்ஸ்ட்ல 6க்கும் 8க்கும் உள்ள வெத்திடம் ரொம்ப சின்னது, 8ல ரெண்டு ஓட்டை அடைபட்டா கருப்பு முட்டை ஆயிடும். அதுக்கு பயந்தா ஒரு படி கீழ செமிபோல்ட் போங்க.

ரூபாய் குறி 2010ல வந்தது, வடிவமைச்சவர் நம்ம உதயகுமார். 2010க்கு முன்னாடி வந்த ஃபாண்ட்ல இருக்காது, அப்டேட் பண்ணியிருந்தாத்தான் உண்டு. இல்லாத ஃபாண்ட்ல டைப் பண்ணா சாஃப்ட்வேர் வேற ஃபாண்ட்ல இருந்து எடுத்து ஒட்டும், நேரா ஒல்லியா தனியா நிக்கும். இருந்தாலும் ஒருமுறை உத்துப் பாருங்க, மேல ரெண்டு படுக்கை கோடு இருக்கிறதால போல்ட்ல நடுவுல உள்ள சந்து அடைச்சுக்கும்.

பக்கத்துல தமிழ் வந்தா

நம்ம ஊர்ல வேலை பண்றவங்களுக்கு நிஜமான தலைவலி இதுதான். மேல ஆங்கிலத்துல கிளப் பேரு சாய்ஞ்ச போல்ட், கீழ "மாநில அளவிலான கபடி போட்டி"ன்னு தமிழ். தமிழ் அச்செழுத்துல இட்டாலிக்கை அவ்வளவா யாரும் வளக்கல, ஆனா சுவர் விளம்பரத்துல பெயின்டர் அண்ணங்க தமிழை சாய்ச்சு அருமையா எழுதியிருக்காங்க. அவங்க தூரிகைல ஒவ்வொரு கோடா போடறதால தடிமன் கெடாது, கை தானா திருத்திடும்.

கம்ப்யூட்டர்ல தமிழை சாய்ச்சா நடக்கிறதே வேற. ர எழுத்தை பாருங்க, காலுக்கு கீழ இடது பக்கமா இறங்கற அந்த வால் ஏற்கனவே சாய்ஞ்சிருக்கு, தள்ளினா இன்னும் படுத்து மெலிஞ்சிடும், தூரத்துல ர எது, துணைக்கால் எதுன்னு தெரியாது. போட்டில ட்-க்கு மேல இருக்கிற புள்ளி வலது பக்கம் நகந்து அடுத்த டியோட தலைகிட்ட போய் நிக்கும். ண மாதிரி சுழி நிறைய உள்ள எழுத்தை ஒடுக்கினா சுழி அடைபட்டு கருப்பு கட்டியா நிக்கும், பக்கத்துல இருக்கிற ர, ப எல்லாம் காலியா தெரியும். ஆங்கிலத்துல எழுத்துக்கு எழுத்து அகல வித்தியாசம் கம்மி, நமக்கு ரவும் ணவும் எவ்வளவு தூரம், அதனால எல்லா எழுத்தையும் ஒரே சதவீதத்துல நசுக்கறது தமிழுக்கு செய்யற பெரிய அநியாயம்.

என்ன பண்ணலாம்? எக் டைப்ங்கிற ஃபாண்ட் நிறுவனம் பண்ண அனெக் தமிழ் இருக்கு, இலவசம், வேரியபிள், அகலம் 75ல இருந்து 125 வரைக்கும், தடிமன் 100ல இருந்து 800 வரைக்கும். அகலம் 75, தடிமன் 700 வச்சா ஆங்கில போல்ட் கண்டென்ஸ்ட் பக்கத்துல கம்பீரமா நிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ்லயும் ஒடுக்கம் இருக்கு, 62.5 வரைக்கும் போகும். ரெண்டுமே நேர் எழுத்துதான். தாரிக் அஸீஸ் பண்ண கவிவாணர் சாய்ஞ்ச தமிழ் ஃபாண்ட்தான், ஆனா அது கையெழுத்து சாயல், இந்த ஹெட்லைன் சத்தத்துக்கு ஒத்து வராது. என் அபிப்பிராயம், தமிழை நேராவே விட்டுடுங்க. ஆங்கிலத்தோட சாய்வு கோணத்துல பின்னாடி ஒரு பட்டை போட்டு, அதுக்குள்ள நேர் தமிழை வச்சா ரெண்டும் ஒரே குடும்பமா தெரியும்.

கட்டாயம் சாய்ச்சே ஆகணும்னா, ஆங்கிலம் 12னா தமிழை 7, 8 டிகிரியோட நிறுத்துங்க. அவுட்லைன் ஆக்கினதுக்கப்புறம் ரவோட வாலை தடிக்க வைங்க, புள்ளியை அதோட எழுத்துக்கு நேரா இழுத்து வைங்க, சுழியை கொஞ்சம் தொறந்து விடுங்க. ஒரு லோகோவுல ஆறேழு எழுத்துதான், அரை நாள் வேலை.

இன்னொண்ணு, தமிழுக்கு வரி இடைவெளி கூட வேணும். மேல புள்ளி, ஈகார சுழி, கீழ உகர ஊகார வால்னு ரெண்டு பக்கமும் நீளும். 120 சதவீதத்துக்கு கீழ போகாதீங்க. இல்லஸ்ட்ரேட்டர்ல யுனிகோட் தமிழ் உடைஞ்சு கொம்பு இடம் மாறி வந்தா, பாராகிராஃப் பேனல்ல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போசரை தேர்ந்தெடுங்க, ஃபோட்டோஷாப்ல வேர்ல்ட் ரெடி லேஅவுட். பாமினி மாதிரி பழைய என்கோடிங் ஃபாண்டுக்கு திரும்ப போகவேண்டிய அவசியமே இல்ல.

லோகோ ஆக்கறப்ப

டைப் பண்ணி வச்சதே லோகோ ஆகிடாது. அவுட்லைன் ஆக்கி, ஒவ்வொரு எழுத்தா தொட்டு பாருங்க. எல்லா எழுத்தையும் மாத்த வேண்டாம், ஒண்ணுல ஒரு வெட்டு, இல்ல ரெண்டு எழுத்து சேர்ற இடம், அது போதும். நைக்கியோட ஜஸ்ட் டூ இட் வாசகத்தை நினைச்சு பாருங்க, ஃபியூச்சுராவோட தடிச்ச ஒடுக்க எழுத்து, அலங்காரம்னு ஒண்ணுமே இல்ல, ஆனாலும் நிக்குது.

லோகோவை 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு சுருக்கி லேசர் பிரின்ட் எடுங்க. எந்த ஓட்டை அடைபடுதோ அதை தொறங்க. என், எம், டபிள்யூல கோடு சேர்ற மூலைல மை தேங்கும், அங்க உள்பக்கமா சின்னதா ஒரு வெட்டு குடுத்தா தெளிவாகும், இங்க் ட்ராப்னு சொல்வாங்க. ஜெர்சில எம்பிராய்டரி போடப்போறாங்கன்னா ஓட்டையை இன்னும் பெருசாக்கி தனியா ஒரு வெர்ஷன் வச்சுக்கங்க, நூல் எப்பவும் பரவும்.

வெப்சைட்ல

சுருக்கமா சொல்றேன். போல்ட் இட்டாலிக் ஃபைல் ஒண்ணை மட்டும் வெப்புக்கான வோஃப் 2 (WOFF2) ஃபார்மேட்ல ஏத்துங்க, பார்லோ கண்டென்ஸ்டோட 18 ஸ்டைலையும் இழுத்துப் போடாதீங்க. சிஎஸ்எஸ்ல ஃபாண்டை சேக்கற ஃபாண்ட் ஃபேஸ் (@font-face) எழுதறப்ப தடிமன் 700, ஸ்டைல் இட்டாலிக்னு சரியா குடுக்கணும், இல்லைன்னா பிரவுசர் ஏற்கனவே சாய்ஞ்ச எழுத்தை இன்னொரு தடவை சாய்ச்சு, ஏற்கனவே தடிச்சதை இன்னும் தடிக்க வைக்கும். ஃபாண்ட் சிந்தசிஸ் (font-synthesis) ப்ராப்பர்ட்டியை நன் (none) ஆக்கிடுங்க, அப்ப பிரவுசர் தானா எதையும் பொய்யா உருவாக்காது. தமிழ் வரிக்கு இது ரொம்ப முக்கியம், ஆங்கிலத்துக்கு குடுத்த இட்டாலிக் ஸ்டைல் தமிழுக்கும் சேந்து ஏறி, நான் மேல சொன்ன அத்தனை கேடும் ஒரே வரில வந்துடும்.

அச்சுக்கு அனுப்பறப்ப

வேலைக்கு வந்த புதுசுல ஒரு டோர்னமென்டுக்கு 20க்கு 10 பேனர் பண்ணி ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். எழுத்தை அவுட்லைன் ஆக்காம அப்படியே ஃபைலை குடுத்துட்டேன். அவங்க மெஷின்ல அந்த ஃபாண்ட் இல்ல, சாஃப்ட்வேர் வேற ஒண்ணை போட்டுக்கிச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு பேனரை விரிச்சா அகலமான நேர் எழுத்து, கடைசி ரெண்டு எழுத்து ஓரத்துல வெட்டுப்பட்டு நிக்குது. விடிஞ்சா போட்டி. அந்த பசங்க ஒண்ணும் சொல்லாம அதையே கட்டினாங்க, எனக்கு அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அன்னைல இருந்து ரெண்டு ஃபைல் வைப்பேன், எடிட் பண்றதுக்கு ஒண்ணு, எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்கி கடைக்கு குடுக்கறதுக்கு ஒண்ணு, கூடவே எப்படி வரணும்னு ஒரு ஜேபெக்கும் வாட்ஸ்அப்ல போயிடும்.

அளவுக்கு சைன்போர்டு தொழில்ல சொல்ற கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் உயரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் 100 அடில இருந்து படிக்கணும்னா 10 இன்ச். ஒடுக்க எழுத்துக்கு நான் இன்னும் ரெண்டு இன்ச் கூட்டிப்பேன். கருப்பு பின்னணில வெள்ளை எழுத்து போட்டா வெள்ளை கொஞ்சம் பரவி தடியா தெரியும், ட்ராக்கிங்கை 5, 10 கூட்டிக்கங்க. வெளிய கருப்பு ஸ்ட்ரோக், அதுக்கு வெளிய மஞ்சள் ஸ்ட்ரோக், அப்புறம் ஷேடோன்னு அடுக்கினா இடைவெளி எல்லாம் ஸ்ட்ரோக் தின்னுடும், பண்ணியே ஆகணும்னா முதல்ல ட்ராக்கிங்கை தளத்திட்டு அப்புறம் ஸ்ட்ரோக் குடுங்க, ஸ்ட்ரோக் எழுத்துக்கு பின்னாடி போற மாதிரி பாத்துக்கங்க.

லைசென்ஸ்

பார்லோ, அனெக் தமிழ் ரெண்டும் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல வருது. லோகோ பண்ணலாம், பேனர், டி-ஷர்ட் அடிச்சு விக்கலாம், யாருக்கும் காசு குடுக்க வேண்டாம். ஃபாண்ட் ஃபைலை மட்டும் தனியா விக்கக் கூடாது. ஃபாண்டையே மாத்தி வேற ஃபாண்டா வெளியிட்டா அதுவும் அதே லைசென்ஸ்லதான் போகணும். காசு ஃபாண்டுல டெஸ்க்டாப்புக்கு ஒண்ணு, வெப்புக்கு ஒண்ணு, ஆப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனி லைசென்ஸ் இருக்கும். கிளையன்ட் பேர்லயே வாங்கி, அந்த ரசீதையும் லோகோ ஃபைல் இருக்கிற ஃபோல்டருக்குள்ளயே போட்டு குடுத்துடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க வேற டிசைனர்கிட்ட போறப்ப அந்த ஆளுக்கு அது தேவைப்படும்.